அரை நிழல் நிலத்துக்கு எந்த எண்ணெய் வித்து?

கீழ்ப்பழனி மலையில் பெரும்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவில், காபித் தோட்டத்துக்குள்ளே எங்களுக்கு 60 சென்ட் சும்மா கிடக்கிறது. மலைவாழை நின்ற இடம். முடிக்கொத்து நோய் வந்து ஒவ்வொரு தூராகத் தோண்டி எரித்து, கடைசியில் வாழையே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். காபி நாற்று வைக்கலாம்தான். அது பலனுக்கு வர மூன்று நாலு வருஷம் ஆகும். அதுவரை வீட்டு எண்ணெய்க்காவது ஆகட்டும், ஒரு எண்ணெய் வித்துப் பயிர் போடலாம் என்று போன ஆடியில் பேச்சு ஆரம்பித்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்மாவுக்கு நிலக்கடலை. எதிர்த் தோட்டத்து மாமாவுக்குச் சூரியகாந்தி. கிருஷ்ணகிரிப் பக்கம் சில வருஷம் இருந்துவிட்டு வந்த சித்தப்பா, பேயெள்ளு (நைஜர் என்பார்களே, எள்ளு வேறு, இது வேறு) போடச் சொன்னார். அத்தை மட்டும், "கடுகைத் தூவிட்டு வேலையைப் பாருங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த இடத்தில் வெயில் எந்த மாசத்தில், எந்தப் பக்கம் விழுகிறது என்று நாங்கள் ஒருத்தரும் கேட்டுக்கொள்ளவில்லை. காபிக்காரர்களின் கண் நிழலுக்குப் பழகின கண். காபி, காட்டு மரங்களின் அடியில் வளர்ந்து வந்த செடி. அரை வெளிச்சத்திலேயே அதன் இலைக்கு வயிறு நிறைந்துவிடும். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று சொல்வோமே, அதில் முதல் பாதி சத்தியமான பேச்சு. எண்ணெய் வேண்டுமென்றால் காய்ந்துதான் ஆகவேண்டும்.

எனக்கு இது உறைத்தது இரண்டு சூரியகாந்திக் கொண்டைகளால். முந்தின வருஷம் வேலியோரம் அழகுக்காகப் பத்து விதை ஊன்றியிருந்தேன். அறுக்கும்போது திறந்த ஓரத்தில் நின்ற செடியிலிருந்து ஒரு கொண்டை, பலா மரத்தடியில் நின்றதிலிருந்து ஒரு கொண்டை எடுத்துத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பலாவடிக் கொண்டை கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். உள்ளங்கையால் தேய்த்து உதிர்த்தபோது திறந்த வெளிக் கொண்டையில் நடுப்பொட்டு வரை விதை கெட்டியாக வந்தது. பலாவடிக் கொண்டையில் வெளி வட்டம் மூன்று நாலு வரிசை நன்றாக இருந்தது. அதற்கு உள்ளே இருந்ததும் பார்க்க விதைதான். அதே கறுப்பு, அதே கோடு. நகத்தால் நசுக்கினால் பொசுக்கென்று அமுங்கியது. உள்ளே வெங்காயச் சருகு மாதிரி ஒரு வெள்ளைத் தோல். வாளித் தண்ணீரில் கொட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிதந்தது.

காரணம் இதுதான்: சூரியகாந்தி முதலில் தோலைக் கட்டி முடிக்கும், அப்புறம்தான் பருப்பை நிரப்பும். எண்ணெயும் பூ முடிந்து பத்து நாளுக்குப் பிறகுதான் வேகமாக ஏறும். அதனால் கடைசி மாசத்தில் விழுகிற நிழல் தோலைத் தொடாது. பருப்பையும் எண்ணெயையும் மட்டும் திருடும். மூட்டை கணக்கில் பாதி நஷ்டம் தெரியும், மீதி செக்கில் போட்ட பிறகுதான் தெரியும்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒப்பிட வேண்டியது எந்தப் பயிர் நிழல் தாங்கும் என்பதை அல்ல. எண்ணெய் வித்தில் நிழலை விரும்புகிற பயிர் எதுவும் இல்லை. எந்தப் பயிர் எந்த நேரத்து நிழலை மன்னிக்கும், எங்கள் நிலத்தில் நிழல் எந்த நேரத்தில் விலகும் என்பதுதான் கேள்வி.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். 60 சென்டின் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு வரிசை சில்வர் ஓக் நிற்கிறது, சுமார் 40 அடி உயரம், மேலே மிளகுக் கொடி. வரிசைக்கு வடக்கே 35 சென்ட், தெற்கே 25 சென்ட். இரண்டு கோடியிலும் காபியும் கல்யாண முருங்கையும். மரத்தை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று மாமா சொன்னார். மிளகுக்கு என்ன செய்வது? அதோடு மலையில் மரம் வெட்டுவது நினைத்தவுடன் நடக்கிற காரியமா? மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்தே இருக்கிறது. பக்கக் கிளை கழிப்பதோடு நம் அதிகாரம் முடிந்துவிடும்.

நிழலை அளக்க ஒரு கயிறு போதும். 10 மீட்டர் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சாக 20 முடிச்சு போட்டுத் தரையில் விரித்தேன். காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு எத்தனை முடிச்சில் வெயில் படுகிறது என்று எண்ணினேன். 20க்கு 5 முடிச்சில் வெயில் என்றால் முக்கால் நிழல். போனில் வெளிச்சமானி செயலி இறக்கியும் பார்க்கலாம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை காட்டும், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் மரத்தடியில் கையை அரை அடி நகர்த்தினால் எண் தாவுகிறது. எனக்குக் கயிறுதான் நம்பிக்கை.

கயிற்றை விடவும் உதவியது ஒரு சின்னக் கணக்கு. நம் மலை சுமார் 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழி உச்சி வேளையில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். 40 அடி மரத்தின் நிழல் வடக்கே சுமார் 27 அடி போகும். மார்ச் முதல் வாரத்தில் அதே நிழல் 11 அடியாகச் சுருங்கிவிடும். ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சந்தலைக்கு வரும். ஜூனில் நிழல் தெற்கே திரும்பி 9 அடி விழும். இது சமதளக் கணக்கு. வடக்குப் பார்த்த சரிவில் நிழல் இன்னும் நீளும், தெற்குப் பார்த்த சரிவில் குறையும். ஒரே வரிசை மரம், ஒரே நிலம். ஆனால் வடக்குப் பாதிக்கு ஐப்பசி முதல் தை வரை பகல் நிழல். தெற்குப் பாதிக்கு அந்த மாசங்களில் உச்சி நிழலே கிடையாது.

மஞ்சு, அதாவது மூடுபனி, மூடினால் அதுவும் நிழல்தானே என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றில்லை. மஞ்சு வெளிச்சத்தைக் குறைத்தாலும் நாலா பக்கமும் பரப்பிவிடுகிறது. கீழ் இலைக்கும் கொஞ்சம் கிடைக்கும். மர இலை அப்படி இல்லை. ஒளியில் இருக்கும் சிவப்பைத் தான் தின்றுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கடைக்கோடிச் சிவப்பை மட்டும் கீழே விடுகிறது. அதைப் பார்த்ததும் கீழே நிற்கிற செடி, மேலே யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கிளைப்பதை விட்டுவிட்டுக் குச்சியாக நீளத் தொடங்கும். ஒரே அளவு இருட்டு என்றாலும் மரத்தடிச் செடி ஒல்லியாகச் சாய்வதும், மஞ்சுக்காட்டுச் செடி குட்டையாகவே நிற்பதும் இதனால்தான். மஞ்சின் கெடுதல் வேறு வகை: தேனீ வராது, பூசணம் வரும்.

சரி, பயிர்களுக்கு வருவோம். எள்ளையும் ஆமணக்கையும் முதலிலேயே தள்ளிவிட்டேன். எள்ளுக்குச் சூடு வேண்டும், கால் காய்ந்திருக்க வேண்டும். நம் 4,000 அடிக் குளிருக்கும் ஐப்பசி மழைக்கும் அது அழுதுகொண்டே நிற்கும். ஆமணக்கு வரப்பில் நின்று தானே நிழல் போடுகிற பயிர். அதோடு குளிர்ந்த சாரலில் காய்க்குலையில் சாம்பல் பூசணம் பிடித்தால் குலையே பஞ்சாகிவிடும்.

நிலக்கடலைக்கு ஒரு பெரிய சௌகரியம், அதற்குத் தேனீ வேண்டாம். விடியற்காலையில் பூத்துத் தனக்குத் தானே சேர்ந்துகொள்ளும். மஞ்சு மூடினாலும் கவலை இல்லை. விதைத்த ஒரு மாசத்துக்குள் பூக்க ஆரம்பித்துத் தொடர்ந்து பூத்துக்கொண்டே இருப்பதால், நடுவில் பத்து நாள் இருட்டடித்தாலும் அடுத்த பூவில் சமாளிக்கும். ஆனால் அதன் நிழல் வியாதி வினோதமானது. பூ மேலே, காய் மண்ணுக்குள்ளே. பூவடியிலிருந்து விழுது இறங்கி மண்ணைத் தொட்டால்தான் காய். விழுது அரை அடி வரைதான் நீளும். நிழலில் செடி நெட்டையாக வளர்ந்தால் மேல் கணுக்களில் பூக்கிற பூவெல்லாம் அந்தரத்தில் விழுது விட்டுக் காய்ந்துபோகும். தோட்டத்தில் பச்சைப் பசேலென்று கடலைக்கொடி நிற்கும், பிடுங்கினால் தூரில் நாலு காய் இருக்கும். மண் அணைத்துக் கொடுத்தால் கொஞ்சம் சரியாகும். 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது எப்படியும் செய்கிற வேலைதான்.

இரகம் என்று பார்த்தால், டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 மாதிரியான கொத்துக் கடலை தூரை ஒட்டியே காய்ப்பவை, மூன்றரை மாசத்தில் கைக்கு வருபவை. கொடிக்கடலை தரையில் படர்வதால் விழுதுக்குத் தூரம் குறைவு. அந்த வகையில் நிழலுக்கு அதுதான் தேவலை என்று தோன்றும். ஆனால் அதற்கு நாள் கூடுதல் வேண்டும், நம் குளிரில் இன்னும் கூடும். அதற்குள் ஈர நிழலில் இலைப்புள்ளியும் துருவும் ஏறி இலையைக் கொட்டவைத்துவிடும். மரத்தடிக்குக் கொத்து, அதுவும் கால் நிழலுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

இத்தனை யோசித்த பிறகும் கடலையைக் கைவிட்டதற்கு நிழல் காரணமில்லை. காட்டுப்பன்றி. அது ஒரு ராத்திரி வந்தால் விழுது இறங்கியதா இல்லையா என்று நாம் குனிந்து பார்க்கவே வேண்டியதில்லை. அம்மாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

சூரியகாந்தி எல்லாப் பக்கமும் கடலைக்கு எதிர். அதன் இலை வெயிலை வாங்கி வேலை செய்வதில் நெல், கடலை எல்லாவற்றையும் மிஞ்சும். அதனால்தான் வெயில் குறைந்தால் அதற்கு நஷ்டமும் அதிகம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு செடிக்கு ஒரே ஒரு கொண்டை. கடுகும் பேயெள்ளும் ஒரு கிளை போனால் இன்னொரு கிளையில் பிழைத்துக்கொள்ளும்; சூரியகாந்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. விதைத்து ஒரு மாசம் சுமார் ஆகும்போது, வெளியே மொட்டுகூடத் தெரியாத நேரத்தில், நுனிக் குருத்துக்குள் எத்தனை பூ என்று கணக்கு முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்து நிழல் விதை எண்ணிக்கையைக் குறைக்கும். பூத்து முடிந்த பிறகு வருகிற நிழல் விதையின் எடையையும் எண்ணெயையும் குறைக்கும். முதல் மூன்று வாரத்து நிழலை மட்டும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

அந்தக் கடைசி வரிதான் எங்கள் நிலத்துக்கு ஒத்துவருகிறது. மார்கழிக் கடைசியில் விதைத்தால் கன்றாக இருக்கும்போது வடக்குப் பாதியில் நிழல் இருக்கும். செடி வளர வளர நிழல் சுருங்கும். மாசிக் கடைசியில் பூக்கும்போது மர வரிசையை ஒட்டி 11 அடி மட்டும் நிழல். சித்திரை பிறக்கும்போது அறுப்பு, கோடை மழைக்கு முன்னால். இதே சூரியகாந்தியை ஆவணியில் போட்டிருந்தால் தலைகீழ்: கன்றுக்கு நல்ல வெயில், விதை நிரம்பும்போது நீளுகிற நிழலும் அடைமழையும். தண்ணீர்தான் இதில் கேள்வி. தையிலும் மாசியிலும் ஓடைத் தண்ணீர் இழுத்துப் பாய்ச்ச வேண்டும், ஆட்களும் காபிப் பழம் எடுக்கப் போய்விடுவதால் அப்போது கிடைக்கமாட்டார்கள். 35 சென்ட்தானே, சமாளிக்கலாம்.

இரகத்தில்தான் எனக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். அவர் ஒட்டுரகம்தான் வேண்டும் என்கிறார். ஒட்டுரகம் ஒரே நாளில் பூத்த மாதிரி ஒன்றாகப் பூக்கும், தேனீ குறைந்தாலும் தன் மகரந்தத்திலேயே ஓரளவு விதை பிடிக்கும். உண்மைதான். ஆனால் பூக்கிற அந்த ஒரு வாரம் மஞ்சு இறங்கிவிட்டால் எல்லாச் செடியும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். மார்டன், கோ 4 மாதிரியான சாதா ரகத்தில் செடிக்குச் செடி பூப்பு முன்னே பின்னே இருக்கும். ஒரு வாரம் போனாலும் மறு வாரம் மிஞ்சும். மார்டன் குட்டை வேறு, சீக்கிரம் முடியும், காற்றில் சாயாது. நெட்டை ரகம் எட்டி வெயில் பிடிக்கும் என்று நினைப்பது தப்பு. 40 அடி மரத்தை எந்தச் சூரியகாந்தியும் எட்டப்போவதில்லை, தண்டுதான் மெலிந்து சாயும். நான் மார்டன் பக்கம்.

தேனீ விஷயத்தில் இன்னொன்று. இளம் மொட்டு வெயிலோடு திரும்பும், முதிர்ந்த பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும் என்பது தெரிந்ததுதான். காலை வெயில் பட்டுச் சூடேறிய பூவுக்குத்தான் தேனீ அதிகம் வருகிறது. ஆகவே கிழக்கே நிற்கிற மரம் மேற்கே நிற்கிற மரத்தைவிடக் கெடுதல். எங்கள் கிழக்குக் கோடிக் கல்யாண முருங்கையைத் தை மாசமே கழித்துவிடுவதாக இருக்கிறேன். காபியைப் பூக்கவைக்கிற பூ மழை முந்திக்கொண்டு காபி பூத்துவிட்டால் தேனீயெல்லாம் அங்கே போய்விடுமே என்று அத்தை பயப்படுகிறார். காபிப் பூ மூன்று நாலு நாள் கூத்துத்தானே. அந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் மெல்லிய துணியால் கொண்டையைத் தடவிக் கொடுத்தால் போதும்.

அத்தையின் கடுகு நிழல் விஷயத்தில் உண்மையிலேயே கெட்டிக்காரப் பயிர். குளிர் பிடிக்கும், கிளைக்கும், பூக்கும்போது ஒரு வாரம் வெளிச்சம் குறைந்து பிஞ்சு உதிர்ந்தாலும் மிஞ்சிய காயில் விதையைப் பெருக்க வைத்து ஓரளவு ஈடுகட்டும். இலை கொட்டின பிறகும் பச்சைக் காயின் தோலே வெயிலை வாங்கி உள்ளே இருக்கிற விதைக்கு ஊட்டும். காய்கள் செடியின் உச்சியில் இருப்பது அதற்கு வசதி. முட்டைகோஸ் காட்டில் வைரமுதுகு அந்துப்பூச்சியை இழுக்க ஊடு வரிசையாகப் போடுகிற கடுகும் இதே கடுகுதான், எங்கள் பக்கத்துக்குப் புதுசில்லை. மேகமூட்டத்தில் அசுவினி வரும், பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கேள்வி எண்ணெய் பற்றியது. கடுகெண்ணெயில் தோசை வார்த்தால் எங்கள் வீட்டில் யார் சாப்பிடுவது? தாளிக்கிற கடுகுக்கு நாலு வரிசை போதும்.

பேயெள்ளு பற்றிச் சித்தப்பா சொன்னதை முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. பேரே ஒரு மாதிரி இருக்கிறதே. எத்தியோப்பியாவில் அதுதான் முக்கிய எண்ணெய் வித்து. நம் ஊரில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மானாவாரியில் போடுகிறார்கள், பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1 என்று ஒரு ரகமும் உண்டு. மெலிந்த மண்ணிலும் வரும், 20 டிகிரிச் சூட்டில் சந்தோஷமாக இருக்கும், எண்ணெய் 100க்கு 35, 40 வரை இருக்கும், புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. சின்னச் சின்ன மஞ்சள் பூவாகச் செடி முழுக்கக் கிளைத்து வாரக்கணக்கில் பூப்பதால், ஒரு வாரத்து இருட்டு அதை ஒன்றும் செய்யாது. பன்றிக்கும் அதில் தோண்டித் தின்ன எதுவும் இல்லை.

இரண்டு குறை. ஒன்று, அது பகல் சுருங்கினால்தான் பூக்கிற பயிர். அதனால் ஆவணி விதைப்பு, ஐப்பசிப் பூ என்று அதன் பஞ்சாங்கம் கட்டப்பட்டுவிட்டது. மாசிக்கு நகர்த்த முடியாது. வடக்குப் பாதியில் போட்டால் சரியாக விதை பிடிக்கும் நேரம் பார்த்து நிழல் நீளும். தெற்குப் பாதியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, தன் மகரந்தம் தனக்கு ஆகாது. அடுத்த செடியிலிருந்து தேனீ கொண்டுவந்தால்தான் விதை. ஐப்பசி மழையில் தேனீயை எங்கே தேடுவது? மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு மணி நேரத்தில் அது எப்படியும் வரும், பூ காத்துக்கொண்டிருக்கும் என்கிறார் சித்தப்பா. தேன்பெட்டி ஒன்று வைத்தால் நிம்மதி. முற்றிய கொண்டையிலிருந்து விதை உதிர்வதும் உண்டு. பழுப்பேறத் தொடங்கியதும் அறுத்துப் படுதாவில் போட்டுவிட வேண்டும்.

விதைக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, செக்கு. எல்லாச் செக்கிலும் கடலையும் எள்ளும் தேங்காயும் ஆட்டுவார்கள். தோலோடு இருக்கிற சூரியகாந்தியை, பொடிப்பொடியான பேயெள்ளை எல்லாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு தடவை போட இவ்வளவு என்று குறைந்தபட்ச அளவு இருக்கும். வத்தலக்குண்டில் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் சூரியகாந்திக்குச் சரி என்றார், பேயெள்ளைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "மண்ணு இல்லாம கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான். வடக்கு 35 சென்டில் மர வரிசையை ஒட்டி 11 அடிப் பட்டையை விட்டுவிட்டு மீதியில் மார்டன் சூரியகாந்தி, மார்கழிக் கடைசியில். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை என்றால் எங்களுக்கு ஒரு கிலோ தாராளம். தெற்கு 25 சென்டில் வரும் ஆவணியில் பேயெள்ளு, ஏக்கருக்கு 2 கிலோ கணக்கில் அரை கிலோ, மணலோடு கலந்து தூவ. சூரியகாந்தியின் வேலியோரம் அத்தைக்கு நாலு வரிசைக் கடுகு. அந்த 11 அடிப் பட்டையில் எண்ணெய் வித்து எதையும் போடப்போவதில்லை. இஞ்சியும் சேனையும் அங்கே சண்டையில்லாமல் வளரும். வீட்டுக்குப் பக்கத்தில், நாய் கட்டியிருக்கிற இடத்தில், அம்மாவுக்காக இரண்டு பாத்தி கொத்துக் கடலை.

கிளிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று மாமா கேட்கிறார். அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.